பிளாஸ்மா மிர்-375: உயர்கிரேடு புராஸ்டேட் புற்றில் ஏற வேண்டியது இறங்குகிறது, ஏன்?

நாகமலை_பிசிஆர்:

வணக்கம். புராஸ்டேட் புற்றில் வீரியமான வகையைப் பிளாஸ்மா மைக்ரோஆர்என்ஏ (மிர் என்று சுருக்கும் குட்டி ஆர்என்ஏ துணுக்குகள்) வைத்துப் பிரித்தறிய முடியுமா என்று பார்க்கிறோம். மூன்று குழு: பிபிஎச் (புற்றில்லாத புராஸ்டேட் வீக்கம்) மட்டும் உள்ளவர்கள் 24 பேர், கிரேடு குரூப் (புற்றின் வீரியத் தரம், 1 முதல் 5 வரை) 1–2 உள்ளவர்கள் 20 பேர், கிரேடு குரூப் 4–5 உள்ளவர்கள் 22 பேர். இடிடிஏ டியூப். 3,000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் ஒரே ஸ்பின், உடனே மைனஸ் 80. பிறகு 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில் பீனால்-குவானிடின் கிட், பாலி-ஏ வால் சேர்க்கும் பொது சிடிஎன்ஏ, அதிலிருந்து கியூபிசிஆர். பார்ப்பது மிர்-141, மிர்-375, மிர்-21. நார்மலைசர் (ஒப்பிட்டுக் கழிக்கும் நிலையான அளவுகோல்) மிர்-16.

சிக்கல் இதுதான். கிரேடு கூடினால் மிர்-375 ஏறும் என்றுதான் கட்டுரைகள் சொல்கின்றன. எங்களிடம் பிபிஎச்சை விட 4–5 குழுவில் எட்டு மடங்கு குறைகிறது. நேரடி சிடி (சிக்னல் தெரியும் சைக்கிள் எண்; குறைந்தால் அளவு அதிகம்) சராசரி: மிர்-375 மூன்று குழுவிலும் 31 அருகில், மிர்-16 பிபிஎச்சில் 21, 4–5 குழுவில் 18. மிர்-141 பாதிப் பேருக்கு 36-க்கு மேல், அல்லது வரவே இல்லை.

பிபிஎச் ரத்தம் மதுரையிலேயே ஓபியில் எடுத்தது, ஒரு மணி நேரத்தில் பிரித்துவிடுவோம். 4–5 குழுவில் பெரும்பாலானவை உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் எடுத்து ஐஸ் பெட்டியில் மதியப் பஸ்ஸில் வந்தவை. சிலருக்கு ஹார்மோன் ஊசியும் ஆரம்பித்தாயிற்று.

இன்னொரு கேள்வி. இதே ஆட்களின் பாரஃபின் பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுவில்) மிர்-145, மிர்-205 இரண்டையும் பார்த்து உறுதி செய்யலாம் என்கிறார் கைடு. கன்ட்ரோலுக்கு டியூஆர்பி (சிறுநீர்ப் பாதை வழியே புராஸ்டேட்டைச் சுரண்டும் அறுவை) துண்டுகளில் உள்ள பிபிஎச் திசு. சரிதானா?

தல்லாகுளம்_லேப்:

நம்பரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. மிர்-375 இறங்கவே இல்லை, மூணு குழுவிலும் 31-லதான் நிக்குது. நகர்ந்தது மிர்-16. அதைக் கழிச்சதும் டெல்டா 10-லேர்ந்து 13 ஆயிடுது. மூணு சைக்கிள்னா எட்டு மடங்கு. உங்க எட்டு மடங்கு முழுசும் நார்மலைசர்லேர்ந்து வந்தது.

மிர்-16 ஏன் ஏறுச்சு? சிவப்பணுக்குள்ள அது அள்ளிக் கிடக்கு, மிர்-451ஏ இன்னும் அதிகம். அணு உடைஞ்சா ரெண்டும் பிளாஸ்மாவுல கொட்டும். பிளாஸ்மா ரோஸ் நிறமா மாறுறதுக்கு ரொம்ப முன்னாடியே சிடி நகர்ந்துடும், அதனால கண்ணால பார்த்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு எழுதி வைக்கிறது செல்லாது. சித்திரை வெயில்ல பஸ்ல குலுங்கி வந்த டியூபும், ஓபி பக்கத்துலயே பிரிச்ச டியூபும் ஒண்ணாகாது. உங்க டிசைன்ல ஊர் வேற, கிரேடு வேறன்னு பிரிக்க வழியில்லை. உசிலம்பட்டின்னா உயர்கிரேடு, மதுரைன்னா பிபிஎச். இந்தப் படம் கேன்சரைக் காட்டுதா, பயணத்தைக் காட்டுதான்னு யாராலயும் சொல்ல முடியாது.

முதல்ல ரெண்டு சோதனை. உருக்கின பிளாஸ்மாவை 414 நானோமீட்டர்ல அளங்க, 0.2-க்கு மேல போனா ஹீமோலைஸ் ஆனது, அதாவது சிவப்பணு உடைஞ்சதுன்னு ஒதுக்கறது வழக்கம். நெய்ப் பொங்கல் சாப்பிட்டுட்டு வந்தவர் பிளாஸ்மா கலங்கலா இருக்கும், அதுவே 414-ஐ ஏத்திக் காட்டும், அதனால 385-லயும் அளந்து திருத்தணும். ரெண்டாவது, மிர்-23ஏ சிடியிலேர்ந்து மிர்-451ஏ சிடியைக் கழிங்க. சிவப்பணு உடைஞ்சாலும் மிர்-23ஏ பெருசா நகராது. வித்தியாசம் 5-க்குள்ள இருந்தா நிம்மதி. 7-ஐத் தாண்டினா சந்தேகம். 8-க்கு மேலன்னா அந்தச் சாம்பிளை விட்டுடுங்க.

மிர்-16-ஐ நார்மலைசரா வெச்சு ரத்தத்துல எதையும் சொல்லாதீங்க. யூ6-ங்கிற ஆர்என்ஏவையும் நார்மலைசரா சிலர் இழுப்பாங்க. அது நூறு நியூக்ளியோடைடுக்கு மேல நீளம், உட்கருவுல இருக்க வேண்டியது, பிளாஸ்மாவுல நிலையா இருக்காது. 103ஏ, 191, 423-5பி, 30இ மாதிரி நாலஞ்சை உங்க சுத்தமான சாம்பிள்கள்ல ஓட்டி, நார்ம்ஃபைண்டர்ல (நிலையா இருக்கிறதைத் தேர்ந்தெடுக்கிற மென்பொருள்) போட்டு, கிரேடோடயும் ஊரோடயும் நகராத ரெண்டு மூணை எடுத்து அதோட சராசரியை வையுங்க. வேற ஊர்ல தேர்ந்தெடுத்ததை அப்படியே எடுத்துக்க முடியாது, உங்க டியூபுல மறுபடி சோதிக்கணும்.

இன்னொரு வழி விகிதம். ஏறுறதை இறங்குறதால வகுத்தா தனி நார்மலைசரே வேண்டாம். திசுவுல 96-5பி, 183-5பி ரெண்டையும் பெருக்கி, 145-5பி, 221-5பி பெருக்குத்தொகையால வகுக்கிற எம்ஐகியூங்கிற குறியீடு இந்த வகைதான். சிறுநீருக்கு 222-3பி, 24-3பி பெருக்கி 30சி-5பி-யால வகுக்கிற மாதிரியும் வந்திருக்கு. ஆனா மேலயோ கீழயோ ஒண்ணு சிவப்பணு, தட்டணுவுலேர்ந்து வர்றதா இருந்தா விகிதமும் ஏமாத்தும்.

அப்புறம் ஒரே ஸ்பின். அந்தப் பிளாஸ்மாவுல தட்டணு நிறைய மிதக்கும், உறைஞ்சு உருகும்போது உடையும். மிர்-21-உம் மிர்-223-உம் அதுக்குள்ள ஏராளம். உருகின பிறகு ரெண்டாவது ஸ்பின் போட்டு மீட்க முடியாது, உடைஞ்சது உடைஞ்சதுதான். இந்த 66 பேர்ல மிர்-21-ஐ நம்பி எதுவும் எழுதாதீங்க.

இனி எடுக்கிறதுக்கு: 21 கேஜ் ஊசி, டர்னிகே ஒரு நிமிஷத்துக்குள்ள கழட்டணும். சிரிஞ்சுல இழுத்து ஊசி வழியா டியூபுக்குள்ள பீய்ச்சக் கூடாது, ஹீமோலைசிஸ் நிறைய அங்கதான். குறி வரைக்கும் நிரப்பி, 8–10 தடவை மெதுவா கவிழ்த்து நிமிர்த்துங்க, குலுக்காதீங்க. பச்சை மூடி ஹெப்பாரின் டியூப் வேண்டவே வேண்டாம், அது பிசிஆரையே அடைச்சுடும். ஐஸ் பேக்கை டியூப்ல நேரடியா ஒட்டி வெச்சா ஓரத்துல ரத்தம் உறைஞ்சு அணு உடையும், நடுவுல துணியோ தெர்மாகோலோ வையுங்க.

இதையெல்லாம் விட நல்லது, ரத்தத்தை ஊர்கோலம் விடாம எடுத்த இடத்துலயே ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரிக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரி லேப்ல சென்ட்ரிஃப்யூஜ் இருக்கும். ஆனா "3,000 ஆர்பிஎம்"னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க. ஆரம் 15 செ.மீ ரோட்டர்ல அது சுமார் 1,500 ஜி, 10 செ.மீ ரோட்டர்ல 1,000 ஜிதான். ஆரத்தை செ.மீ-ல எடுத்து, ஆர்பிஎம்மோட வர்க்கத்தால பெருக்கி, அதை 0.00001118-ஆல பெருக்கினா ஜி வரும். முதல் ஸ்பின் 1,500–2,000 ஜி, 10–15 நிமிஷம், பிரேக் இல்லாம. வெள்ளைப் படலத்துக்கு மேல அரை சென்டிமீட்டர் விட்டு எடுங்க. ரெண்டாவது ஸ்பின் 12,000-லேர்ந்து 16,000 ஜி, 10 நிமிஷம், அடியில 100 மைக்ரோலிட்டரை விட்டுடுங்க. 250-250-ஆ பிரிச்சு உறைய வையுங்க, ஒரு குழாய் ஒரு தடவைதான் உருகணும்.

புராஸ்டேட்_ஸ்லைடு:

பிளாக் கேள்விக்கு வருகிறேன். தேர்ந்தெடுத்திருக்கும் இரண்டுமே பொறி. புற்றில் மிர்-145 குறைகிறது, மிர்-205 குறைகிறது என்று நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றன. குறைவது உண்மைதான். ஏன் குறைகிறது என்பதில்தான் ஆட்டம்.

மிர்-143, மிர்-145 இரண்டும் பெரும்பாலும் மென்தசை, ஃபைப்ரோபிளாஸ்ட் ஆகியவற்றில் இருப்பவை. பிபிஎச் முடிச்சு என்றாலே ஸ்ட்ரோமா (சுரப்பிகளுக்கு இடையே உள்ள தாங்கு திசு) மிகுந்தது. கிரேடு குரூப் 5 என்றால் இடைவெளியில்லாமல் புற்றுச் செல் அடைத்திருக்கும், ஸ்ட்ரோமா கொஞ்சம். இரண்டையும் அப்படியே அரைத்து ஒப்பிட்டால் மிர்-145 பத்து மடங்கு குறைந்தது போலத் தோன்றும். ஒரு செல்லுக்குள்ளும் எதுவும் மாறியிருக்காது, ஸ்ட்ரோமா விகிதம் மட்டும் மாறியிருக்கும்.

மிர்-205 அடிப்படைச் செல்லில், அதாவது பேசல் செல்லில் இருப்பது. புராஸ்டேட் புற்றை நாங்கள் உறுதி செய்வதே பேசல் செல் அடுக்கு காணாமல் போனதை வைத்து. பேசல் செல்லைக் காட்டும் பி63-உம் உயர் எடை சைட்டோகெராட்டினும் போட்டுப் பார்ப்பது அதற்குத்தான். அப்படியிருக்க, புற்றில் மிர்-205 குறைந்தது என்றால் ஸ்லைடில் ஏற்கெனவே தெரிந்ததை பிசிஆர் இன்னொரு முறை சொல்கிறது, அவ்வளவே. தீங்கற்றதையும் புற்றையும் பிரிக்க உதவலாம். கிரேடு 2-இலிருந்து 4-ஐப் பிரிக்க அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம், இரண்டிலுமே பேசல் செல் கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது: டியூஆர்பி துண்டைக் கன்ட்ரோலாக வைக்காதீர்கள். அது பெரும்பாலும் டிரான்சிஷன் மண்டலம் (சுரப்பியின் உட்பகுதி), புற்று பெரும்பாலும் வெளி மண்டலத்தில். விளிம்பில் கரண்ட் சூடு பட்டுத் திசு வெந்தும் போயிருக்கும். முழு புராஸ்டேட் எடுத்த பிளாக் இருந்தால் அதே ஆளின் வெளி மண்டலத் தீங்கற்ற சுரப்பியே சரியான ஒப்பு.

பிளாக்கை வெட்டும்போது முதலில் செல்லைப் பார்க்கச் சாயமிட்ட ஒரு எச்&இ, அடுத்து 10 மைக்ரானில் நான்கு வெட்டு, கடைசியில் மறுபடி ஒரு எச்&இ. மேல், கீழ் ஸ்லைடு இரண்டிலும் புற்றுப் பகுதியைப் பேனாவால் வட்டமிட்டு, அந்த வட்டத்துக்குள் மட்டும் பிளேடால் சுரண்டி எடுங்கள். புற்றுச் செல் 70 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தப் பிளாக் வேண்டாம். நான்கு வெட்டுக்குள் 40 மைக்ரான் இறங்கிவிடுகிறோம், சிறிய புற்றுத் திட்டு கீழ் ஸ்லைடில் காணாமலே போகும். கீழ் எச்&இ பார்க்காமல் விட்டால் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு பிளாக்குக்கும் வெட்டும் பிளேடை மாற்றுங்கள், அல்லது சைலீனால் துடையுங்கள்.

பிளாக் பழசாக இருப்பது பெரிய கவலை இல்லை. 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள துணுக்கு என்பதால் ஃபார்மலினில் எம்ஆர்என்ஏ துண்டாகும் அளவுக்கு இது சிதைவதில்லை. ஆனால் ஃபார்மலின் ஏற்படுத்திய குறுக்குப் பிணைப்பை புரோட்டினேஸ் கே போட்டு அவிழ்த்தாக வேண்டும். பஃபர் செய்த 10 சதவீத ஃபார்மலினா, வெறும் ஃபார்மலினா என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பெரிய புராஸ்டேட்டை வெட்டாமல் முழுதாக மூழ்க வைத்திருந்தால் நடுப்பகுதி நிலைப்படாமல் சிதைந்திருக்கும், ஓரத்துப் பிளாக்கும் நடுப் பிளாக்கும் ஒரே மாதிரி வராது.

மிர்-145-ஐ விட மனசில்லை என்றால் எல்என்ஏ புரோப் (இலக்கில் இறுகப் பிணையும் துணுக்கு) போட்டு ஸ்லைடிலேயே இன்சிட்டு செய்து எந்தச் செல்லில் நிறம் பிடிக்கிறது என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் நல்ல ரெவ்யூவர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

மேலூர்_வாசகர்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும் சார். அப்பாவுக்கு 68 வயது, பிஎஸ்ஏ (புராஸ்டேட் ரத்தச் சோதனை) 11. இந்த மைக்ரோஆர்என்ஏ டெஸ்ட் எடுத்தால் பயாப்சி இல்லாமலே வீரியமானதா என்று தெரியுமா?

யூரோ_மாட்டுத்தாவணி:

தெரியாதுங்க. இப்போதைக்கு இது ஆராய்ச்சி அளவில்தான். முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று கல்ச்சர் பார்த்து, இருந்தால் சரி செய்து, சில வாரம் கழித்து பிஎஸ்ஏவை மறுபடி எடுங்கள். ஃபினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறார் என்றால் வந்த எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம் பயாப்சிக்கு முன்னாலேயே எம்ஆர்ஐ. சுரப்பியின் அளவு அதில் தெரியும். 11-ஐ அந்தக் கன அளவால் வகுங்கள்: 40 சிசி என்றால் 0.27-ஐத் தாண்டும். 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். எம்ஆர்ஐயில் பைராட்ஸ் (சந்தேக மதிப்பெண்) 4, 5 என்று வந்தால் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள். வீரியத்தைச் சொல்வது அதில் வரும் கிரேடுதான்.

வெளிநாட்டில் டெசிஃபர், ஆன்கோடைப், புரோலாரிஸ் என்று பயாப்சித் திசுவில் செய்யும் சோதனைகள் உண்டு. மூன்றும் ஜீன் வெளிப்பாட்டை, பெரும்பாலும் எம்ஆர்என்ஏவை அளப்பவை, மைக்ரோஆர்என்ஏவை அல்ல.

ஆய்வு செய்பவருக்கும் ஒன்று. ஹார்மோன் ஊசி போட்டவர்களை, விரை நீக்கியவர்களைக் கண்டிப்பாகத் தனியாக வையுங்கள். மிர்-21, மிர்-141 இரண்டும் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பிக்குக் கட்டுப்பட்டவை. ஊசி போட்ட பிறகு நீங்கள் அளப்பது மருந்தின் வேலையை. சர்க்கரை நோயையும் குறித்துக்கொள்ளுங்கள். மிர்-375 கணையத்தின் பீட்டா செல்லிலும் நிறைய இருக்கிறது, நம் பக்கத்தில் இந்த வயதுக்காரர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வேறு எபித்தீலியப் புற்று ஏதும் இருக்கிறதா என்பதும் முக்கியம். மிர்-141 புராஸ்டேட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, குடல், மார்பகம், சூலகப் புற்று பரவினாலும் ரத்தத்தில் ஏறும்.

கணக்கு_தப்பாது:

மிர்-141 உங்களுக்கு ஏன் பாதிப் பேரில் வரவில்லை என்பதற்கு அதன் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 2008-இல் மிட்செல் குழு அதைக் காட்டியபோது ஒரு பக்கம் புற்று பரவிய 25 பேர், மறு பக்கம் நலமான 25 பேர். எலும்பு வரை பரவியவர் ரத்தத்தில் கொட்டுவது, சுரப்பிக்குள்ளேயே இருக்கும் கிரேடு 4-இலும் கொட்ட வேண்டும் என்று சட்டமில்லை. உங்கள் 22 பேரில் பரவியவர் யார், பரவாதவர் யார் என்று பிரித்து வரைந்து பாருங்கள். மிர்-141 வந்தவர்கள் எல்லாம் முதல் வகை என்றால் அது வீரியத்தின் குறியல்ல, நோயின் பரவலைக் காட்டும் குறி. அதற்கு போன் ஸ்கேன் போதும்.

விரைப் புற்றில் மிர்-371ஏ-3பி இவ்வளவு நன்றாக வேலை செய்யக் காரணம், வளர்ந்த ஆணின் ரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது. பூஜ்யத்திலிருந்து எழுவதைப் பார்ப்பது சுலபம். புராஸ்டேட்டுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

வராத சிடிக்கு 40 என்று நிரப்பாதீர்கள். 36-இல் வந்தவருக்கும் வராதவருக்கும் இடையே இல்லாத பதினாறு மடங்கு வித்தியாசத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். "கண்டறிய முடியவில்லை" என்று தனி வகையாக வையுங்கள், அல்லது அந்த ஒன்றுக்கு மட்டும் டிஜிட்டல் பிசிஆர்.

22 பேர் உயர்கிரேடு என்றால் மாடலில் இரண்டு மாறிக்கு மேல் தாங்காது. அதில் ஒன்று பிஎஸ்ஏ அடர்த்தியாக (பிஎஸ்ஏவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தது) இருக்கட்டும். மைக்ரோஆர்என்ஏ தனியாக எவ்வளவு ஏயூசி (பிரித்தறியும் திறனின் மதிப்பெண்) தருகிறது என்பது யாருக்கும் பயனில்லை. பிஎஸ்ஏ அடர்த்தியோடு சேர்த்தால் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேள்வி.

நாகமலை_பிசிஆர்:

எல்லோருக்கும் நன்றி. ஊர் விஷயம் புரிகிறது, இனி மூன்று குழுவையும் எல்லா ஊரிலும் எடுக்கிறோம். பழைய சாம்பிளில் பலருக்கு ஒரு குழாய்தான் மிச்சம். மிர்-451ஏ, 23ஏ பார்க்க அதை உருக்கித்தான் ஆக வேண்டுமா? பிரித்தெடுப்பைச் சரிபார்க்க வெளியிலிருந்து சேர்க்கும் செயற்கைத் துணுக்கான செல்-மிர்-39 சேர்த்திருந்தோம், அது 4–5 குழுவில் சிலருக்கு மட்டும் மூன்று சைக்கிள் தள்ளி வருகிறது.

தல்லாகுளம்_லேப்:

குழாயைத் தொடாதீங்க. நீங்க செஞ்சது பாலி-ஏ வால் சேர்த்த பொது சிடிஎன்ஏ, எல்லா மைக்ரோஆர்என்ஏவும் அதுக்குள்ள இருக்கு. மைனஸ் 20-ல மிச்சம் இருந்தா அதுலயே 451ஏ, 23ஏ ஓட்டலாம். ஸ்டெம்-லூப் முறையா இருந்தா முடியாது, அதுல எந்த பிரைமர் போட்டீங்களோ அந்த ஒண்ணுதான் சிடிஎன்ஏ ஆகும்.

செல்-மிர்-39 தள்ளிப் போறது ரெண்டு விதமா இருக்கலாம். சிடிஎன்ஏ செய்யும்போது யூனிஎஸ்பி6 (அந்தக் கட்டத்தைச் சரிபார்க்கிற இன்னொரு செயற்கைத் துணுக்கு) போட்டிருந்தா அதைப் பாருங்க. அது ஒழுங்கா வந்து செல்-39 மட்டும் தள்ளிப் போனா பிரிச்செடுக்கும்போது இழந்திருக்கீங்க. ரெண்டும் தள்ளிப் போனா ஏதோ பிசிஆரை அடைக்குது: பீனால், குவானிடின், இல்லேன்னா ஊர்ல யாராவது ஹெப்பாரின் டியூப்ல எடுத்திருக்காங்க. சிடிஎன்ஏவைப் பத்துக்கு ஒண்ணா நீர்த்து ஓட்டுங்க. 3.3 சைக்கிள் தள்ளணும். ஒண்ணரைதான் தள்ளுதுன்னா அடைப்பு உறுதி. ஹெப்பாரின்னா ஹெப்பாரினேஸ் போட்டு ஆர்என்ஏலேர்ந்து மறுபடி தொடங்கணும்.

இழப்புன்னா காரணம் ரெண்டுதான் அதிகம். ஒண்ணு, செல்-39-ஐ நேரா பிளாஸ்மாவுல விட்டது. பிளாஸ்மாவுல ஆர்என்ஏஸ் இருக்கு, காப்பு இல்லாத ஆர்என்ஏ நொடியில போயிடும். 200 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு ஒரு மி.லி. பீனால் கரைசல் சேர்த்துக் கலக்கி அஞ்சு நிமிஷம் விட்ட பிறகுதான் ஸ்பைக்: மைக்ரோலிட்டருக்கு 16 கோடி பிரதி உள்ளதுல 3.5 மைக்ரோலிட்டர். ரெண்டு, மேல் அடுக்கை எடுக்கிற அளவு. 200 குளோரோஃபார்ம் போட்டு, 12,000 ஜி, 4 டிகிரி, 15 நிமிஷம் சுத்தினா சுமார் 600 மேல நிக்கும். ஒருத்தருக்கு 600, இன்னொருத்தருக்கு 450-னு எடுக்காம எல்லாருக்கும் 550, அதுக்கு 825 எத்தனால். நடு வெள்ளைப் படலத்தைத் தொட்டா பீனாலும் கூடவே வரும். கடைசியில 14 மைக்ரோலிட்டர்ல இறக்கி, எல்லாத்துலயும் ஒரே கன அளவு சிடிஎன்ஏவுக்குப் போடுங்க. நானோடிராப் பார்த்து சமப்படுத்தாதீங்க, பிளாஸ்மா ஆர்என்ஏ அளவுக்கு அது காட்டுறது பெரும்பாலும் பீனாலும் கேரியர் ஆர்என்ஏவும்தான்.

பிளேட்ல மூணு குழுவையும் கலந்து வையுங்க. பிபிஎச் எல்லாம் ஒரு பிளேட், 4–5 எல்லாம் இன்னொரு பிளேட்னு போட்டிருந்தா, 451ஏ பார்க்கிறதுக்கு முன்னாடி அதை முதல்ல சொல்லுங்க.